எடுத்த பக்கம்

இருமியது டிரில் மாஸ்டர்தான். ஆனால் சத்தம் அவர் வாயிலிருந்து வரவில்லை. இடது தோளுக்குப் பின்னால், பனியனுக்குள்ளிருந்து வந்தது. சவரம் செய்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. அந்தப் பக்கத்து நுரையீரலைச் சில வருஷங்களுக்கு முன்பே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

"என்னங்க, இருமுனீங்களா?" என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து.

"போய் உன் காதைக் கழுவு."

மருந்துக்கு அடங்காத காசநோயை அடக்கிய மகா பயில்வான் என்று தனக்குத்தானே தமுக்கடித்துக்கொண்ட ஆள் அவர். அறுவைக்குப் பிறகும் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே! "வெட்டி எடுத்தாச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினார். வருஷாந்தரப் பரிசோதனைக்கும் போகவில்லை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து இருமுகிறவர்களைக் கண்டாலே இளக்காரம். பூமிக்குப் பாரம் என்பார். இப்போது ஒரு மாதமாக, மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று செருப்பைச் சரிசெய்வதுபோல நடிக்கிறார். காலையில் துப்பும் ரத்தத்தைத் தண்ணீர் ஊற்றி மறைக்கிறார். இருக்கிற ஒற்றை நுரையீரலும் போனால் ஆளே இல்லை. அது தெரிந்தும், அந்தப் பெஞ்சில் போய் உட்கார மானம் விடவில்லை. என்ன மானமோ!

சாயங்காலம் மழைக்கு முன்னால் வீடு இருட்டியது. காயாத துணியின் முடைநாற்றமும் குழாய் சொட்டும் சத்தமும் ஜன்னல் கொக்கியின் கிடுகிடுப்பும் அறையில் நிறைந்திருக்க, எல்லாவற்றுக்கும் அடியில், ஈரக்குழாயில் காற்று போவதுபோல ஏதோ ஒன்று சீறிச் சீறி அடங்கிக்கொண்டிருந்தது. கட்டிலில் திரும்பிப் படுத்தார். அதுவும் கூடவே வந்தது. இவர் மூச்சை இழுத்தால் அது விட்டது. இவர் விட்டால் அது இழுத்தது.

பயம். உள்ளங்காலெல்லாம் பயம்.

"இங்க வா. முதுகுல காது வெச்சுக் கேளு."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?" என்றாள் மனைவி. 'உனக்கென்ன தெரியும், நீ என்ன டாக்டரா?' என்று அவர் எப்போதும் அவளிடம் சொல்வதுதான்.

"கேளுன்னா கேளு."

எழுந்து உட்கார்ந்தார். முதுகின் வலப்பக்கம் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு இடப்பக்கம், தழும்பின் மேல் வைத்தாள்.

"வலது பக்கம் ஒண்ணுமே கேக்கலீங்க," என்றாள் மெதுவாக. "எல்லாம் இங்கதான் கேக்குது."

மூச்சை அடக்கினார். வாயைப் பொத்தினார். மூக்கையும்.

எதிரே நிலைக்கண்ணாடியில், தழும்பின் மேல் சாய்ந்திருந்த அவள் தலை நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.