நாற்பது ஏக்கர் சாத்தான்!

"ஐயோ... வந்துட்டான்! சாத்தான் வந்துட்டான்!"

ஒசியோலா அத்தையின் அலறலில், லீமன் ஸ்பைவியின் தட்டிலிருந்த பன்றி விலா மண்ணில் விழுந்தது.

லீமன் துப்பறிவாளன். மிசிசிப்பியிலேயே மலிவான துப்பறிவாளன். தொலைந்த ஆட்டைக் கண்டுபிடித்ததுதான் பெரிய சாதனை... அதுவும் ஆடு தானாகத் திரும்பி வந்தது!

இன்று அவனுக்கு ஐம்பது வயது. சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தது. ஆனாலும் அவன் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொள்ளுத்தாத்தா காலேப் இந்த நாற்பது ஏக்கருக்காகச் சாத்தானிடம் ஆத்மாவை விற்றவர். தாத்தா, சர்ச் பாட்டுக்குழுவில் கணீர்க் குரலுக்காக விற்றார். அப்பா... ஒரு சிவப்புக் காருக்காக! மூவரும் ஐம்பதில் போய்ச் சேர்ந்தார்கள்.

கறுப்புக் கோட்டு ஆசாமி ஒருவன் நேரே லீமனிடம் வந்தான். கூட்டம் சிதறியது. விலா சுட்டுக்கொண்டிருந்த அத்தையின் கணவர் எனோக் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லீமன்! கிளம்பு."

"எ... எங்கே சார்?"

"கீழே!"

"சாப்பிட்டுட்டு வரலாமா?"

"இல்லேன்னா நிலத்துல உன் பங்கை எனக்கு எழுதிக் குடு. ஆத்மாவை விட்டுடறேன்."

பத்திரமும் பேனாவும் நீண்டன.

"போட்டுடாதடா!" அத்தை கத்தினாள். "பாகம் பிரிக்காத நிலம்டா! ஒரு பங்கு கைமாறினா போதும், கோர்ட்டுக்குப் போய் மொத்தத்தையும் ஏலம் விட்டுடுவான்! எல்லாரும் நடுத்தெருவுலதான் நிக்கணும்!"

"உயிர் என்னுது அத்தை!"

லீமன் குடும்பம் போன்ற கறுப்பர் கையில் நிலம் தங்காத ஊர் அது. லீமனுக்கு அழுகையே வந்தது. கையெழுத்துப் போடக் குனிந்தான்...

சொட்!

காகிதத்தில் ஒரு துளி. நிமிர்ந்தான். ஜூலை வெயிலில் ஆசாமிக்கு வியர்வை ஆறாக ஓடியது.

"சார்... உங்க ஊர்ல இதைவிடச் சூடு ஜாஸ்தியாச்சே?"

"ஆ... ஆமா."

"அப்புறம் ஏன் இப்படி வேர்க்குது?"

ஆசாமி ஓடினான். விழுந்து கிடந்த விலாவில் வழுக்கி, குப்புற விழுந்தான்!

லீமனின் வாழ்க்கையில் சிக்கிய முதல் குற்றவாளி. பிடித்தது என்னவோ விலா எலும்புதான்.

"விட்டுடுங்க சார்! நான் மெம்ஃபிஸ் நில புரோக்கர்! உங்க குடும்பச் சாத்தான் கதையைக் கேள்விப்பட்டு வந்தேன்!"

நான்கு பங்காளிகள் அவன் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். போலீஸுக்குப் போன் பறந்தது.

"சாத்தானாவது, பூதமாவது!"

லீமன் இன்னொரு விலாவுக்காக அடுப்பருகே போனான். போனவன்... உறைந்தான்!

எனோக் மாமா கம்பளிக் கோட்டில் இருந்தார். வெறுங்கையால் நெருப்புக் கங்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை!

"மா... மாமா...?"

"கத்தாதே மாப்ளே."

"தாத்தா, அப்பாவை எல்லாம் நீங்கதான்...?"

"சேச்சே! அவங்களைக் கொன்னது பன்றிக் கொழுப்பு. காலேப் வம்சத்தோட ஆத்மாவையே எனக்கு எழுதிக் குடுத்தான். ஆனா நிலம் மாதிரி ஆத்மாவும் பொதுச் சொத்தாப் போச்சு. ஏலம் விட எனக்கு ஒரு கோர்ட்டும் இல்ல. ஒரு ஆத்மாவை எடுக்கவும் பங்காளிங்க அத்தனை பேரும் சம்மதிக்கணும். அதுக்காகத்தான் உங்க அத்தையைக் கட்டிக்கிட்டு இங்கேயே கிடக்கேன்."

பின்னால், எல்லோரும் ஒரே மாதிரி போடும் குடும்பச் சட்டைக்கு நீலமா பச்சையா என்று அடிதடி ஆரம்பித்திருந்தது.

"அது சரி... ஞாயிறு தவறாம சர்ச்சுல முதல் வரிசையில உக்கார்றீங்களே, எதுக்கு மாமா?"

எனோக் மாமா பெருமூச்சு விட்டார்.

"வேற வழி? உங்க குடும்பம் ஒரே ஒரு விஷயத்துலயாவது ஒத்துப்போகணும்னு கடவுளை வேண்டிக்கத்தான்!"