முதலில் உறவினருக்கு

செவ்வாயின் ஏழாம் குடியிருப்பில் மாதத்தின் முதல் நாள் யாரும் யாரையும் தொடமாட்டார்கள். பிள்ளைகள் ஓடிவந்தால் தாய்மார் பின்வாங்குவார்கள். கர்ப்பிணிகள் தனிக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பெயர் ஒளிநாள்.

செவ்வாயின் மெல்லிய காற்று கதிர்வீச்சைத் தடுக்காது. புற்றுநோய் வராத வீடு இல்லை. நேரத்தில் பிடித்தால் சளிபோல ஆறிவிடும். அதற்காகத்தான் ஒளிநாள்தோறும் எல்லோருக்கும் துப்பணு ஊசி. புற்றணுவை மட்டும் தேடிப் பற்றும் எதிர்ப்புரதம் அது. முதுகில் சிறு கதிரியக்க அணுவைச் சுமந்து போகும். அது ஒட்டிய இடம் மருத்துவக் கூடத்தின் பேசும் நோக்குச் சுவரில் மின்மினியாகத் தெரியும். கத்தியும் இல்லை, வலியும் இல்லை.

தொடக்கத்தில் சுவர் நோயாளியிடமே முடிவை நேராகச் சொன்னது. குடியிருப்பு கொதித்தது. "மூஞ்சிக்கு நேரா சொல்றதா? ஈவு இரக்கம் வேண்டாம்?" என்று முதலில் கிளம்பியவர் நீரேற்று நிலையத்துச் சேந்தன். விதி மாறியது. சோதனை முடிவு இனி நெருங்கிய உறவினருக்கு மட்டும். நோயாளியிடம் எப்போது சொல்வது என்பது அந்த உறவினரின் விருப்பம்.

விதி மாறிய பின் ஓர் ஒளிநாளில் சுவர் சேந்தனைத் தனியே அழைத்தது. அவர் மனைவி மங்கையர்க்கரசியின் கணையத்தில் கடுகளவு வெளிச்சம்.

"இப்போதே தொடங்கினால் குணமாகும்," என்றது சுவர். "அதே புரதம், வலுவான அணுவோடு. ஆனால் இரண்டு மாதம் தனிமை. கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்கக் கூடாது."

மகள் கயற்கண்ணிக்கு அடுத்த மாதம் வளைகாப்பு.

"அது முடியட்டும். பொண்ணுக்கு வளையல் போடணும்னு ஆசையா இருக்கா, பாவம்," என்றார் சேந்தன்.

வெளியே மங்கை காத்திருந்தாள். "என்னங்க, நேத்து ஒளிச்சுத் தின்ன அல்வா தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சுது. இனிமே எனக்கும் பங்கு குடு."

வளைகாப்பு நன்றாக நடந்தது. பிறகு, குழந்தை பிறக்கட்டும் என்று இன்னொரு முறை தள்ளினார். பிறந்தபோது சுவரில் மங்கையின் உடல் முழுக்க மின்மினிகள். கடைசிவரை அஜீரணம் என்றே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பித்தான் சொன்னாளா என்று சேந்தன் கேட்கவில்லை.

அவள் போன பிறகு வந்த ஒளிநாளில் சுவர் சேந்தனிடம் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், விடுப்பே கிடைக்காது என்றிருந்த கயற்கண்ணி பக்கத்துக் குடியிருப்பிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள்.

"என்னம்மா, திடீர்னு?"

"சும்மாதாம்பா. உங்க ஞாபகமாவே இருந்துச்சு." அவர் முகத்தைப் பார்க்காமல் பையிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கினாள். ஒரு மாதத்துக்குப் போதுமான துணிகள்.

சேந்தன் சுவரிடம் ஓடினார். "என் படத்தைக் காட்டு. இன்னும் நேரம் இருக்கா?"

"உங்கள் மகளைக் கேளுங்கள்."

"என் உடம்பு அது!"

"விதி," என்றது சுவர், மிக மென்மையாக. அந்த மென்மையையும் அவர்தான் போராடி வாங்கியிருந்தார்.

வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். "கயலு, எனக்கு என்ன? நேரா சொல்லு."

"உங்களுக்கு என்னப்பா, கல்லு மாதிரி இருக்கீங்க!" குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள். "இவனுக்குப் பேர் வைக்கணும். தாத்தா மடியில வெச்சுத்தான் வைக்கணும். நீங்க எங்கயாவது போய்ப் படுத்துக்கிட்டா எப்படி?"

சேந்தன் குழந்தையைப் பார்த்தார். அது அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

"எப்போம்மா?" என்றார்.

"நல்ல நாள் இன்னும் அமையலப்பா."