மூடி கழற்றாத டைரக்டர்

கஜா பெராங் சாலையில் சுதந்திர ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. தன் காமிராவுக்காகவே அது புறப்பட்டு வருகிறது என்ற நினைப்பில், ஓரமாக நின்ற மாட்டு வண்டிமேல் ஏறி நின்றான் கருணாகரன்.

கப்பலேறிப் போய் மதராசில் இரண்டு வருடம் சினிமா படித்துவிட்டு ஊர் திரும்பியவன். மேகமூட்டத்திலும் கறுப்புக் கண்ணாடி... புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துணி... அம்மா வைத்த மீன் குழம்பைக்கூட விரல்களால் கட்டம் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். 'நான் கண்ட நாடு' என்று மூன்று நிமிடப் படம் எடுத்து அனுப்பினால்தான் சான்றிதழ். பள்ளி கொடுத்ததோ ஒரே ஒரு சுருள்.

"டைரக்டர் சார்..."

கீழே ஒருத்தி. போட்டோ கடை வேலாயுதத்தின் மகள், அங்கே படங்களுக்கு வண்ணம் தீட்டும் சந்திரமதி.

"ஷூட்டிங்ல பேசாதீங்க!"

"இல்லங்க... காமிராவுல..."

"உங்களுக்கு அதெல்லாம் புரியாது. சீமைச் சரக்கு!"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொடி பிடித்த பிள்ளைகள், கெபாயாச் சட்டை அணிந்த செட்டிப் பெண்கள், முரசுக்காரர்கள்... எல்லாரும் போனார்கள். காமிரா கம்பீரமாக ஓடியது.

மழை பிடித்தது. போட்டோ கடை வாசலின் அஞ்சடி நடைபாதைக்கு ஓடிவந்து லென்சைத் துடைக்கப் போனவன், அப்படியே நின்றான்.

மூடி!

"அலாமா! அதத்தானே சொல்ல வந்தேன்..." சிரித்தாள். முதலில் கண்கள் சிரித்தன... பிறகுதான் உதடுகள்.

விடுவிடுவென்று மழையில் இறங்கி நடந்தான். பத்தடி போயிருப்பான். மதராசுக்கு எதை அனுப்புவது... வெறும் இருட்டையா? கண்ணாடியில் நீர் வழிந்து வழி தெரியவில்லை. கழற்றினான். திரும்பினான்.

"நீங்க சொன்னதக் கேட்டிருக்கணும்..."

இரண்டு வருடப் படிப்பில் அவன் மனப்பாடம் செய்யாத வசனம் அது.

"ஃபிலிம் மிச்சம் இருக்கா?"

"முப்பது விநாடி."

"போதும் லா. இன்னைக்கு என்ன பாத்தீங்களோ, அத எடுங்க."

"நான் எங்கங்க பாத்தேன்? மதராஸ் வரைக்கும் போயும், என் காமிரா எப்படி இருக்கு, நான் எப்படி இருக்கேன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குக் கண்ணால பாத்தது ஒண்ணுதான்... நீங்க சிரிச்சது." கழுத்துப் பட்டுத் துணியை அவிழ்த்தான். "அத எடுக்கணும். அப்புறம்... ஆயுசுக்கும் பாக்கணும். உங்களுக்குச் சம்மதம்னா..."

கடைக்குள் வேலாயுதம் இரண்டு முறை இருமினார். மூன்றாவது இருமல் வரவில்லை.

சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"முப்பது விநாடிதானே இருக்குன்னீங்க? எனக்கு வெக்கப்படவே ஒரு நிமிசம் ஆகுமே..."