கடலில் தொங்கிய ரேடியேட்டர்

"ரெண்டு நாளாச்சுண்ணே! இன்னைக்கும் விட்டா என் தம்பி மிஞ்ச மாட்டான். படகை எடுங்க!"

தூத்துக்குடியில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜெசிந்தா போட்ட அதட்டலில், தொம்மை அண்ணனின் படகு அலறியடித்துக் கிளம்பியது. எஞ்சின் பழுதாகி நடுக்கடலில் தனியாக மிதந்துகொண்டிருந்தான் அவள் தம்பி ரொசாரி. குடிக்கத் தண்ணீர் தீர்ந்திருக்கும். அவசரத்தில் இவர்கள் எடுத்து வந்ததும் ஒரே ஒரு கேன்தான்.

தொம்மையின் படகில் இருந்தது பழைய கார் எஞ்சின். கரையோரம் சமர்த்தாக ஓடும். உச்சி வெயிலில், நடுக்கடலில், புஸ்ஸென்று கொதித்துவிட்டது!

"கேன் தண்ணிய ஊத்து தங்கச்சி! நின்னா நீரோட்டம் அவன இழுத்துட்டுப் போயிரும்!"

"எத ஊத்துனாலும் திரும்பக் கொதிக்கும்ணே. ரோட்டுல போனா எதிர்க்காத்து அடிக்கும், இங்க எங்க இருக்கு காத்து? எஞ்சினை அணைங்க!"

தொம்மை முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். உடனே, எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கப் போனவரின் கையை ஜெசிந்தா தட்டிவிட்டாள். "மூஞ்சி வெந்துரும்ணே!"

அரைமணி நேரம். ஒவ்வொரு நிமிடமும் தம்பி தூரப் போகிறானே என்று அவள் எஞ்சினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சூடு தணிந்ததும் பாய்ந்தாள். ரேடியேட்டரைக் கழற்றினாள். தன் கருவிப் பையிலிருந்த உபரி ரப்பர் குழாய்களைக் கிளாம்ப் வளையம் போட்டு இறுக்கி, அதற்கும் எஞ்சினுக்கும் இடையிலான குழாயை நீட்டினாள். குறைந்த தண்ணீருக்கு, மனசில்லாமல், கேனில் கால் பங்கை ஊற்றி மூடினாள். பிறகு ரேடியேட்டரைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள்ளேயே இறக்கிவிட்டாள்!

"அடிப்பாவி! கடல்லயா?"

"கடலே குளிர வைக்கட்டும். ஸ்டார்ட் பண்ணுங்க!"

எஞ்சின் ஓடியது. சூடு காட்டும் முள் மெல்ல இறங்கியது. "மாதாவே!" என்று தொம்மை துள்ளியதில் படகே ஆடியது.

மூன்று மணிக்கு, தொலைவில் துடுப்பு நுனியில் ஒரு சிவப்புச் சட்டை ஆடியது. ரொசாரி! படகு நெருங்கியதும், உதடு வெடித்து, கண் செருகித் துவண்டிருந்தவன் கேனைக் கட்டிக்கொண்டு குடித்தான். பாதியில் நிறுத்தினான்.

"போதும்க்கா. தொம்மைண்ணே எஞ்சினுக்கு வேணும்லா?"

"குடிலே! அதுக்குக் கடலே கெடக்கு."

சிரித்துக்கொண்டே சொன்னவள் ஓவென்று அழுதுவிட்டாள்.

பொழுது சாயும் முன் கரை சேர்ந்தார்கள். ஊரே கடற்கரையில் கூடி ஆரவாரித்தது. நடுவில் தொம்மை மார்தட்டிக்கொண்டிருந்தார். "அவசரத்துலயும் நிக்கத் தெரியணும்லே! நின்னதாலதான் போய்ச் சேந்தோம். எஞ்சினை அணைச்சது யாரு? நான்!"

ஜெசிந்தா கேட்டுச் சிரித்தாள். தம்பியின் மணிக்கட்டைப் பிடித்த கையை அவள் இன்னும் விடவில்லை.