சந்துக்குள் நின்ற நீலப் புள்ளி

காபியை நீட்டினாள். அவள் கணவன் டம்ளரை வாங்காமல் போனை நீட்டினான்.

"போன செவ்வாய்க்கிழமை எங்க போன?"

அவள் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "கடைக்குத்தான்..."

"கடையா? அதுக்கு முந்தின செவ்வாயும் இதே சந்து. மத்தியானம் போன வண்டி சாயங்காலம் வரைக்கும் அங்கயே நிக்குது. நீயே பாரு."

திரையில் ஒரு சந்து, அதற்குள் ஒரு நீலப் புள்ளி. கல்யாண நாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுத்த கார்தான். சாவியைத் தந்தபோது, "என் போனோட சேத்திருக்கேன், சர்வீஸ் தேதி வந்தா சொல்லும்" என்றான். அவளும் தலையாட்டினாள். சர்வீஸ் தேதியைச் சொன்னதோ இல்லையோ, அவள் போன இடம், நின்ற நேரம் எல்லாவற்றையும் அந்த வண்டி ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறது.

"யாரு வீடு அது? சொல்லு."

"சொல்ல முடியாதுங்க..."

"புருஷன்கிட்ட சொல்ல முடியாத வீடா?"

அந்தச் சொல் அவளைக் கூனிக் குறுக வைத்தது. வாயைத் திறந்தால் போதும், பழி போய்விடும். ஆனால் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே.

அந்தச் சந்தில் இருப்பது அவள் கொழுந்தன். அண்ணன் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவன். 'அவன் வாசலை மிதிக்கிறவங்க என் வாசலை மிதிக்க வேண்டாம்' என்று அன்றைக்கே கட்டளை போட்டாயிற்று. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்ததும் மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன். பெரியவனுக்கு மட்டும் தெரியக் கூடாது..." பேத்தியைப் பார்த்த பிறகு ஒரு தடவையாவது, ஒன்றாவது. முட்டி வலிக்காரியைப் பஸ்ஸிலா ஏற்ற முடியும்?

"ஏன் வாயடைச்சுப் போச்சு?" என்று அவன் குரலை உயர்த்தியபோது, சுவரைப் பிடித்தபடி மாமியார் வெளியே வந்தாள்.

"அவளை ஏன்டா வையிற? உன் தம்பி வீட்டுக்கு நான்தான் போனேன். வண்டி நின்ன இடத்தைக் காட்டின போனு, உள்ள யாரு உக்காந்திருந்தாங்கன்னு காட்டலையா?"

அவன் முகம் செத்துப் போனது. மாமியார் மருமகளைக் கட்டிக்கொண்டாள். "எனக்காக இவ்வளவு பேச்சையும் வாங்கிக்கிட்டியேம்மா..." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை மருமகளுக்கு அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்புதான். இந்த ஆப்பை இப்பவே அழிச்சிடறேன்" என்றான் அவன்.

"அழிங்க, அழிக்காம இருங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. வாரக்கணக்கா இந்தப் புள்ளியையும் பாத்துக்கிட்டு, என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை மேஜைமேல் வைத்தாள். "கிளம்புங்க அத்தை. இன்னிக்கும் செவ்வாய்க்கிழமைதான். டாக்ஸியில போயிட்டு வருவோம்."

"எப்ப வருவ?" என்றான். அவள் மாமியாரின் கையைப் பிடித்து மெல்லப் படியிறக்கினாள்.

அவர்கள் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றிருந்தவன், பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தான். வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்று அது காட்டியது.