மெஜந்தாவில் ஒரு வெள்ளைக் கோடு

போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. மேசை மேல் பிரித்துப் போட்டிருந்த பிரிண்டரின் பற்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்குதா இல்லையா? எடேன்," என்றார் கணவர்.

எடுத்தாள். கேட்டாள். வைத்தாள்.

"யாரு?"

"இன்ஸ்பெக்டர். கட்டடப் பொறியாளர் ஆபீஸ் பிரிண்டரை நானும் வந்து பாக்கணுமாம். பதினோரு மணிக்கு."

கணவரின் கையில் சுழன்றுகொண்டிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது.

"நேத்துதானே நான் போய்ப் பாத்தேன்?"

"ரெண்டு பேர் பாத்தா நல்லதாம்."

இருவரும் ஒரே தொழில். லேசர் பிரிண்டர் ரிப்பேர். ஒரே கடை, ஒரே மேசை, எதிரெதிர் நாற்காலி. ஏழு மாதமாக அந்த மேசைக்கு மேல் பேச்சைவிட மௌனமே அதிகம்.

ஏழு மாதத்துக்கு முன்னால் அவளுடைய தங்கை இறந்துபோனாள்.

தங்கை அந்தப் பொறியாளரிடம்தான் வரைபடம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கட்டடத்தின் முகப்பு இடிந்து இரண்டு தொழிலாளிகள் செத்தார்கள். விசாரணையில் பொறியாளர் ஒரு வரைபடத்தை நீட்டினார். அளவு தப்பு. கீழே தங்கையின் பெயர். "நான் இப்படி வரையலைக்கா..." என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டாவது நாள் தூக்க மாத்திரை.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை. பசி தெரியவில்லை. கைகள் மட்டும் அவற்றின் வேலையைச் செய்துகொண்டிருந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை பொறியாளரும் செத்தார். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து பின்பக்கச் சந்தில் விழுந்து. அவர் மேசை மேல் ஒரு கடிதம்... கையெழுத்து இல்லாமல், கலர் பிரிண்டில்.

'என் முடிவுக்கு யாரும் காரணம் இல்லை.'

"இங்க பாரு," என்றார் கணவர். "லாக் எடுக்கச் சொல்வாங்க. லெட்டர் பிரிண்ட் ஆன நேரத்தை மட்டும் சொல்லு. நானும் அதைத்தான் சொன்னேன்."

"சரி."

"பிரிண்ட்ல கோடு ஒண்ணு விழுது. நான் தொடலை. நீயும் தொடாதே."

"சரி."

"சரி சரின்னு மண்டையை ஆட்டு. நம்ம கல்யாணப் பத்திரிகையில ஒரு எழுத்து மங்கலா இருக்குன்னு முந்நூறையும் திருப்பி அனுப்பின ஆளு நீ."

அவள் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கணவர் வாசல் வரை வந்தார். திறந்திருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

* * *

ஆபீஸ் மூன்றாவது மாடி. பால்கனிக் கதவின் குறுக்கே போலீஸ் நாடா. சுவர் ஓரம் நீளமான வரைபட மேசைகள். மூலையில் இடுப்பு உயரத்துக்கு அந்தக் கலர் லேசர் பிரிண்டர்.

இன்ஸ்பெக்டர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏட்டு கதவோரம் நின்றிருந்தார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

"நின்னுக்கிட்டேதான் வேலை சார்."

"உங்க வீட்டுக்காரர் இந்த ஆபீஸுக்கு வந்து ஒரு தடவை சத்தம் போட்டிருக்காராமே?"

"தங்கச்சி செத்த மறுநாள் வந்தார். என் மச்சினிச்சியைக் கொன்னுட்டியேன்னு கேட்டார்."

"நீங்க வரலையா?"

"எனக்குச் சத்தம் போட வராது சார்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார்.

"விஷயம் சின்னதுதான். ஆள் விழுந்தது ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு ஐம்பதுக்கு. எதிர்க் கட்டடத்து கேமராவுல விழறது மட்டும் தெரியுது. லெட்டர் எத்தனை மணிக்கு பிரிண்ட் ஆச்சு? அதை இந்த மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. உங்க வீட்டுக்காரரும் சொன்னார். இன்னொருத்தர் வாயால கேட்டா கோர்ட்டுல பலமா நிக்கும்."

அவள் கேபிளைச் செருகினாள். லேப்டாப்பில் பிரிண்டர் நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைத் திறந்தாள். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. சூடேற்றி... சரி. காகித உணர்விகள்... சரி. நிறப்பொடியைத் தாளில் பதிக்கும் நான்கு டிரம் உருளைகளும்... சரி.

"இது டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வெச்சுப் பாக்கற மாதிரியா?" என்றார் ஏட்டு.

"இது பொய் சொல்லாது. நோயாளி சொல்லுவாங்க."

அவள் லாக் எனும் பதிவுப் பட்டியலைத் திறந்தாள். பிரிண்டர் செய்த ஒவ்வொரு காரியமும், அது நடந்த தேதியும் நேரமும் வரி வரியாக அதில் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு வரிகள்.

3:05. ஒரு பக்கம்.

3:12. பழுதுபார்ப்பவர் கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தார். முன்கதவு திறக்கப்பட்டது.

3:24. நிறச் சரிபார்ப்பு முடிந்தது.

3:31. ஒரு பக்கம்.

முதல் பிரிண்டில் ஏதோ குறை. யாரோ கதவைத் திறந்து அதைச் சரிசெய்து, கடிதத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். கீழே பின்பக்கச் சந்தில் ஒரு பிணம் கிடக்கும்போது...

அந்தக் கடவுச்சொல் கம்பெனி கொடுத்தது அல்ல. கடைக்காக அவர்களே மாற்றி வைத்தது. இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவளுக்கும் அவள் கணவருக்கும்.

திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான்.

'பட்டியலை அழி.'

ஒரு தட்டு போதும். இன்ஸ்பெக்டருக்கு இந்தத் திரையில் தலையும் புரியாது, வாலும் புரியாது. அழிந்துவிட்டது, பழைய மெஷின் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போகலாம். மேசைக்கு இருபுறமும் மறுபடி எதிரெதிரே உட்காரலாம்.

ஆனால் அந்தப் பொத்தானுக்கு நான்கு வரிகளை மட்டும் அழிக்கத் தெரியாது. அழித்தால் மொத்தப் பட்டியலும் போகும்.

அவள் பட்டியலைக் கீழே கீழே நகர்த்தினாள். ஏழு மாதம் பின்னால் போனாள். ஒரு வரியில் நின்றாள். நெடுநேரம் அதையே பார்த்தாள்.

பிறகு மேலே வந்தாள்.

"மூணு முப்பத்தொண்ணு. ஒரு பக்கம்."

"விழுந்து நாப்பது நிமிஷம் கழிச்சு," என்றார் ஏட்டு. "செத்தவர் படியேறி வந்து லெட்டர் அடிச்சு வெச்சுட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கிட்டார். பொறுப்பான மனுஷன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அவ்வளவுதானாம்மா? முன்னே பின்னே வேற ஏதாவது?"

"அவ்வளவுதான்."

"நல்லது. ஒரு பக்கம் எடுத்துக் காட்டுங்களேன். நல்லா ஓடுதான்னு பாத்துக்கறேன்."

அவள் சோதனைப் பக்கத்துக்கான பொத்தானைத் தட்டினாள். மெஷின் உறுமி, மூச்சு வாங்கி, ஒரு தாளை நீட்டியது. நான்கு நிறப் பட்டைகள். நீலம் சுத்தம். மஞ்சள் சுத்தம். கறுப்பு சுத்தம்.

ஊதா கலந்த சிவப்பான மெஜந்தாவில் மட்டும் மேலிருந்து கீழ்வரை மெல்லிய ஒரு வெள்ளைக் கோடு.

"போதும்மா. நீங்க கிளம்பலாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் கேபிளைப் பிடுங்கவில்லை.

தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும்.

"ரெண்டு நிமிஷம் சார்."

"அட, அது கிடக்கட்டும். இனிமே யார் இதுல பிரிண்ட் எடுக்கப் போறாங்க?"

"ரெண்டே நிமிஷம்."

மென்பொருளில் மெஜந்தாவை மட்டும் தனியாக அச்சடித்துப் பார்த்தாள். கோடு அதே இடத்தில். டிரம்மில் கீறல் என்றால் புள்ளி திரும்பத் திரும்ப விழும். அறுபடாத நேர்க்கோடு என்றால் லேசர் ஒளி வரும் கண்ணாடியில் ஏதோ மறைக்கிறது. கடவுச்சொல்லைத் தட்டினாள். முன்கதவைத் திறந்தாள். டிரம்மை உருவித் துணியால் மூடி வைத்தாள். விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டாள்.

விரல் எதிலோ பட்டது.

ஒரு கணம் அசையாமல் இருந்தாள்.

பிறகு துடைத்தாள். நிதானமாக, நுனியிலிருந்து நுனிவரை. டிரம்மைச் செருகினாள். கதவை மூடினாள். நிறச் சரிபார்ப்பை ஓடவிட்டாள். இன்னொரு பக்கம் எடுத்தாள்.

மெஜந்தா தகடு போல வந்தது. கோடு இல்லை.

தாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்தொன்பது நிமிஷம்," என்றார். "அன்னைக்கும் பத்தொன்பதுதான். மூணு பன்னெண்டுல இருந்து மூணு முப்பத்தொண்ணு."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்கம்மா. முதல்ல எங்க தலைமை ஆபீஸ் நிபுணர். நாலு வரியையும் படிச்சுச் சொன்னார். ரெண்டாவது, பக்கத்து ஊர் மெக்கானிக். அவரும் நாலையும் படிச்சார். மூணாவது உங்க வீட்டுக்காரர். ஒரே ஒரு வரி படிச்சார். நாலாவது நீங்க... அதே ஒரே வரி."

அவள் விரலில் சுற்றியிருந்த துணியின் நுனியை உள்ளே செருகினாள்.

"உள்ளே நுழைஞ்சது உங்க கடைக் கடவுச்சொல்னு நிபுணர் அன்னைக்கே சொல்லிட்டார். அப்ப புருஷன் பொண்டாட்டியில ஒருத்தர்தான். யாருன்னு தெரியலை. முந்தாநாள் மண்டையைப் பிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பதான் ஏட்டு ஒண்ணு சொன்னார்."

"பொணத்தைக் கீழ போட்டுட்டு, பிரிண்டைச் சரிபண்ண உக்காந்த ஆளால எந்தக் கோட்டையும் பாத்துக்கிட்டு சும்மா போக முடியாதுன்னு சொன்னேன்," என்றார் ஏட்டு. கொஞ்சம் கூச்சத்தோடு.

"அதனால ஒரு கோடு போட்டு வெச்சோம்," என்றார் இன்ஸ்பெக்டர். "நிபுணரை விட்டே போட வெச்சோம். பக்கத்து ஊர்க்காரர் பாத்தார், கோடு விழுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். உங்க வீட்டுக்காரர் பாத்தார், வேர்த்தார், போயிட்டார். கிளம்புங்கன்னு சொல்லியும் கிளம்பாத ஆளு நீங்க மட்டும்தான்."

அவள் சோதனைத் தாளை மேசையில் ஓரம் பார்த்து நேராக வைத்தாள். இப்போதும் உள்ளே எதுவும் அசையவில்லை. பயம்கூட வரவில்லை.

"கோடு விழுதுன்னு ஒரு வாரமா பொறியாளர் போன் பண்ணிச் சொல்லிட்டிருந்தார்," என்றாள். "ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல கூட்டம் இருக்காதுன்னு போனேன். லேப்டாப்பை மாட்டினதும் லாக் வந்தது. சும்மாதான் கீழே தள்ளினேன். என் தங்கச்சி பேர் போட்ட அந்த வரைபடம் இருக்கே... கட்டடம் இடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுதான் அந்தக் கோப்பு முதல் தடவையா பிரிண்ட் ஆகியிருக்கு. அன்னைக்கு அவ ஆபீஸுக்கே வரலை. எங்க வீட்டுல என் மடியில படுத்திருந்தா."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"அவர்கிட்ட கேட்டேன். பால்கனியில போன் பேசி முடிச்சுட்டு நின்னார். அந்த லாக்கை அழிச்சிடும்மா, அவதான் போயிட்டாளே, இனிமே யாருக்கு என்ன நஷ்டம்னார். என் கையை நான் பாத்துக்கிட்டே இருந்தேன் சார். அது தானா போச்சு."

கீழே தெருவில் ஒரு வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"லெட்டரோட முதல் காப்பி?"

"கிழிச்சுப் போட்டேன். ஆபீஸ் முத்திரையில மெஜந்தாப் பட்டை குறுக்கே வெள்ளைக் கோடு. அப்படி ஒண்ணை மேசையில வெச்சுட்டு வர முடியலை. கூப்பிட்ட வேலையும் அதுதானே."

"இன்னைக்கு லாக்கை அழிச்சிருக்கலாமே? உங்க கையிலதானே இருந்தது?"

"அழிச்சா அவளோட வரியும் போயிடும்."

அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். பட்டியலை ஏழு மாதம் பின்னுக்குத் தள்ளினாள். அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதை எழுதிக்கங்க சார். தேதியோட. அப்புறம் நான் வர்றேன்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். இரண்டு முறை சரிபார்த்தார். ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர், எழுந்தபடி. "உள்ளே கையை விட்டப்ப ஒரு நொடி நின்னீங்க. கண்ணாடியில ஒட்டியிருந்ததைத் தொட்டுட்டீங்க. பொறின்னு புரிஞ்சிடுச்சு. அப்பவே கையை எடுத்திருக்கலாம். ஏம்மா எடுக்கலை?"

அவள் விரலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். அதில் சுருண்டு ஒட்டியிருந்த செலோ டேப் துண்டை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்த தடவை வேற டேப் ஒட்டச் சொல்லுங்க சார். இது பசை விடுது."