கண்ணாடி வராந்தாவுக்கு ஒரு டிவி

"அதை உங்களுக்கு விக்க மாட்டேன்."

பிரித்தாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கையில் பணம் இருக்கிறது... கடையில் டிவி இருக்கிறது... நடுவில் நின்று விற்க மாட்டேன் என்கிறானே, யார் இவன்?

சட்டைப் பையின் மேல் பெயர் தைத்திருந்தது. ஈரோ. கடைக்காரர் லாஹ்தியின் மகன்.

"ஏன், என் பணம் செல்லாதா?"

"பணம் செல்லும். டிவிதான் செல்லாது. ஹீட்டர் இல்லாத வராந்தான்னு நீங்கதானே சொன்னீங்க? இந்தத் தட்டை டிவி மைனஸ் இருபதுல படத்தை இழுக்கும். ஐஸ் ஹாக்கியில பக் வட்டு முன்னாடி போகும், நிழல் வால் மாதிரி பின்னாடியே வரும். அந்தக் குண்டு டிவிய எடுத்துக்குங்க. என் மீன்பிடிக் குடில்ல அப்படி ஒண்ணுதான் நாலு வருஷமா ஓடுது."

"எங்கப்பாவுக்குப் பழசா?"

"வீட்டுக்குள்ளயாவது வைங்களேன்."

எவ்வளவு திமிர்... இந்த ஈலி ஊரில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா இது? அப்பாவின் கூட்டாளிகள் ஆறு பேரும் உறைந்த ஏரியில் மீன் பிடித்துவிட்டு நேரே வருவார்கள். உள்ளே வந்தால் பூட்ஸ், மேல்கோட்டு, உள்கோட்டு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். திரும்பப் போட அரை மணி. அதற்குப் பயந்தே ஒருவரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள்.

"எங்கப்பா முப்பத்தொரு வருஷமா மாநில ஐஸ் ஹாக்கிப் போட்டி பார்க்க செயின்ட் பால் நகரத்துக்குப் போறவர். இந்த வருஷம் இடுப்புல ஆபரேஷன். கூட்டாளிங்களோட உக்காந்து பார்க்க முடியலைன்னா தானே காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேங்கிறார். தையல் பிரிச்சு ஒரு வாரம் ஆகல. இப்போ விப்பீங்களா, மாட்டீங்களா?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பனி உருகும் மாதத்தில் ஏரித் தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே... சாம்பலும் இல்லாமல் நீலமும் இல்லாமல்... அந்த நிறத்தில் கண்கள். இமை ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. சிரிக்கிறானா? அவளைப் பார்த்தா?

அவன் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் முறைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, தட்டை டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

புதன்கிழமை வராந்தாவில் போட்டுப் பார்த்தபோது பக்குக்கு வால் முளைத்திருந்தது. அவன் சொன்ன அதே வால். அதற்கும் அவன் மேல்தான் கோபம் வந்தது.

வியாழன் காலை மைனஸ் முப்பது. பதினோரு மணிக்கு முதல் ஆட்டம். டிவியின் முகமெல்லாம் வெள்ளைப் பனி படர்ந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. இந்த ஊரில் எது உறைந்தாலும் அடுப்படிக்குத்தான் வரும். கையுறை வரும், பூட்ஸ் வரும், கார் பேட்டரிகூட ராத்திரி உள்ளே வந்து படுக்கும். டிவியையும் தூக்கி வந்து விறகு அடுப்பின் பக்கத்தில் வைத்தாள். முகத்தைத் துடைத்தாள். பத்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போட்டாள்.

டப்.

கருகல் வாசனை... அவ்வளவுதான்.

அப்பா ஆர்விட் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து, கார் சாவியை எடுத்தார். "இப்போ கிளம்பினா சாயந்தரம் நம்ம ஊர் ஆட்டத்துக்குப் போயிடலாம்."

"அப்பா, ஒரு மணி நேரம் குடுங்க."

போனில் அவள் குரல் நடுங்கியது. கோபத்தில்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். "நீங்க வித்த டிவி செத்துப்போச்சு."

"கடையில இருந்த குண்டு டிவிய நேத்தே வித்துட்டேன்... சரி, வரேன்."

முக்கால் மணி நேரத்தில் வண்டி வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடிகள் முழுக்கத் திறந்திருந்தன. முன் இருக்கையில், பெல்ட் மாட்டிக்கொண்டு, அவன் மீன்பிடிக் குடிலின் குண்டு டிவி. பக்கத்தில் அவன்... புருவத்திலும் இமையிலும் வெள்ளை படிந்து, உதடு நீலமாகி.

"ஹீட்டர் கெட்டுப்போச்சா?"

"இல்ல. இது குளிர்லயே கிடந்தது. சூடு பட்டா உள்ள தண்ணி கோத்துக்கும்."

"பின்னாடி வெச்சுக்கிட்டு வர வேண்டியதுதானே?"

"ஏரி ரோட்டுல குலுங்கி உடைஞ்சிரும்."

பன்னிரண்டு மைல். மைனஸ் முப்பதில், ஜன்னலைத் திறந்துபோட்டுக்கொண்டு... இப்படியும் ஒரு முட்டாள் உண்டா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

குண்டு டிவி முணுமுணுத்து, கண் விழித்து, படத்தைக் காட்டியது. பக் வாலில்லாமல் ஓடியது. அப்பா சாவியை, ஏரியிலிருந்து வந்திருந்த கூட்டாளிகளில் ஒருவரான ஓர்வில் மாமாவிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அப்பாவுக்குக் கோபம் தீரவில்லை.

"தம்பி, இது சரி. ஆனா புதுசுன்னு சொல்லி என் பொண்ணு தலையில ஒரு சொத்தையைக் கட்டிட்டியே. இவங்க ஆறு பேரும் இனிமே உங்க கடைப் பக்கம் வர மாட்டாங்க."

ஆறு தொப்பிகளும் ஆடின. "ஏமாத்துற வேலை எங்ககிட்டயே வா?" என்றார் ஓர்வில்.

ஈரோ உறைந்த கையுறையைக் கழற்றினான், மாட்டினான். ஒரு வார்த்தை... 'உங்க பொண்ணுகிட்ட கேளுங்க' என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும். சொல்லாமல் நிற்கிறானே. அவன் மேல் வந்த கோபம் அப்பா மேல் திரும்பி, கடைசியில் தன் மேலேயே வந்து நின்றது.

"அவர் ஏமாத்தல," என்றாள் பிரித்தா. "நான்தான் உள்ள தூக்கிட்டு வந்து அடுப்புக்கிட்ட வெச்சுப் போட்டேன். அப்படிச் செய்யக் கூடாதுன்னு அவர் கடையிலயே சொன்னார்."

"சொன்னேன்," என்றான் அவன் மெதுவாக. "மூணு தடவ."

"அப்புறம் ஏம்மா கேக்கல?" என்றார் அப்பா.

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். காது மடல் எரிந்தது.

"அவர் கண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்ப்பா. கோபமாத்தான் பார்த்தேன். ஆனா பார்த்துக்கிட்டே இருந்தேன். போதுமா?"

வராந்தாவில் ஒருவர் வாயிலிருந்தும் புகை வரவில்லை. மூச்சை நிறுத்தியிருந்தார்கள். டிவியில் யாரோ கோல் போட்டதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை.

அவன் இமையில் படிந்திருந்த பனி கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"எல்லாருக்கும் ஒரு தடவதான் சொல்லுவேன்," என்றான்.

"எனக்கு மட்டும் எதுக்கு மூணு தடவ? நான் என்ன மக்கா?"

"இல்ல... நிறுத்தினா நீங்க போயிடுவீங்களே."

அவள் இடுப்பில் கைவைத்து அவனை முறைத்தாள். அதே முறைப்புதான். ஆனால் கண் மட்டும் நிறைந்துவிட்டது.

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? அது ஒண்ணு மட்டுமாவது என் காதுல விழுந்திருக்கும்."